வீடு, தெரு, அண்டை வீட்டார்: புதுக்கோட்டை சொல்லும் வரலாறு

சென்ற கோடையில் வீட்டு மனை தேடி நான் பல ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தேன். புதுக்கோட்டையிலிருந்து எந்தச் சாலையில் புறப்பட்டாலும், ஊர் முடிந்த இடத்தில் கொடிகளும் வண்ணக் கற்களும் நட்ட பொட்டல் நிலங்களைக் காணலாம். நேற்றுவரை கடலையும் வரகும் விளைந்த செம்மண் நிலத்தில் இன்று ஒரு 'நகர்' பிறந்திருக்கும். அப்படி ஒரு நகரில் மனை காட்டிய தரகர் என்னிடம் இரண்டு செய்திகளைப் பேசினார். முதலாவது, "கிழக்குப் பார்த்த மனை சார், தெற்குப் பார்த்ததுன்னா ரேட்டு குறைச்சல்" என்பது. இரண்டாவதைச் சற்றுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தப்பா நினைக்கக் கூடாது சார், நீங்க நம்ம ஆளுங்கதானே? இங்க எல்லாம் ஒரே மாதிரி ஆளுங்களாப் பார்த்துத்தான் கொடுக்கிறோம்."

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். முதற் செய்தியிலுள்ள பிழையை அன்றே அவருக்கு விளக்கியிருக்கலாம். இரண்டாவதற்கு என்ன விடை சொல்வதென்று தெரியாமல் திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அந்த இரண்டும் மிகப் பழைய செய்திகள் என்று தோன்றியது. வீட்டை எப்படிக் கட்டுவது? பக்கத்தில் யார் குடியிருப்பது? இவ்விரு கேள்விகளுக்கும் நம் முன்னோர் கொடுத்த விடைகளே நம் ஊர்களின் வரைபடம். வாசகர்களே, வெகு தூரம் போக வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்தை வைத்துக்கொண்டே அந்த வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

ஊரும் சேரியும்

தமிழ்நாட்டில் குடியிருப்பு வேறுபாடு நேற்று வந்ததன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக் கணக்கைத் தருகின்றன. வரி இல்லாத நிலங்கள் எவை என்று கழித்துக்கொண்டு வரும் அந்தப் பட்டியலில் ஊர் நத்தம் தனியாகவும், கம்மாணச்சேரி, ஈழச்சேரி, தீண்டாச்சேரி முதலியவை தனித்தனியாகவும் வருகின்றன. கணக்கெழுதியவர் எவரையும் இகழ எண்ணி எழுதவில்லை. நிலத்தை அளந்து உள்ளது உள்ளபடி எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிவு நிலத்தில் கோடு போட்டு அளக்கும் அளவுக்கு உறுதிப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தப் பிரிவுக்கு ஒரு பௌதிக விளைவும் உண்டு. ஊர் மேட்டில் இருக்கும்; சேரி பள்ளத்தில் இருக்கும். ஊருணி ஊரை ஒட்டியிருக்கும். சேரிக்கு நடை தூரம். வெள்ளம் முதலில் எங்கே புகும், கோடையில் யார் அதிக தூரம் குடம் சுமப்பார்கள் என்பதெல்லாம் அந்தக் கோட்டோடு சேர்த்தே தீர்மானமாகிவிட்டன. தெரு எங்கே என்று முடிவு செய்பவர், தண்ணீர் எங்கே என்பதையும் முடிவு செய்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொண்டைமான்களின் கட்ட நகரம்

புதுக்கோட்டை நகருக்கு வரும் வெளியூரார் ஒருவருக்கு முதலில் வியப்பளிப்பது அதன் தெருக்கள். பழைய அரண்மனை வளாகத்தைச் சுற்றி நான்கு ராஜ வீதிகள்: கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி. அவற்றுக்கு அப்பால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண்ணிட்ட தெருக்கள். தெருக்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுகின்றன. 'தெற்கு மூன்றாம் வீதி' என்று ஒருவர் முகவரி சொன்னால், நடுவிலிருந்து எந்தத் திசையில், எத்தனையாவது தெரு என்று வழி கேட்காமலே கண்டுபிடிக்கலாம். வரைபடத் தாளில் ஒரு புள்ளியை இரண்டு எண்களால் குறிக்கக் கற்கிறோம் அல்லவா? புதுக்கோட்டை முகவரியும் அத்தகையதே.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சாவூர் ரெசிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்ன் என்பவரின் மேற்பார்வை இச்சமஸ்தானத்துக்குக் கிடைத்தது. அப்போது அரசர் சிறுவர். அகலமான நேர் வீதிகளைக் கொண்ட நகரம் உருப்பெற்றது அந்தக் காலத்தில்தான். பின்னர் 1878இல் திவானாக வந்த சர் ஏ. சேஷய்ய சாஸ்திரி, 1894 வரை திவானாகவும் ரீஜண்டாகவும் இருந்து, நகரின் குளங்களைச் சீர்செய்து, பொதுக் கட்டடங்களை எழுப்பினார். புதுக்குளம் குடிநீருக்கென்று பேணப்பட்டது. குழாய் நீர் இல்லாத காலத்தில் குளத்தைக் காப்பது நகரசபையின் முதல் சுகாதாரப் பணி.

ஆனால் நேரான தெரு, நேர்மையான தெரு ஆகிவிடாது. கட்டங்கள் அழகாக அமைந்தன. கட்டங்களுக்குள் யார் இருந்தார்கள் என்பது பழைய வழக்கப்படியே அமைந்தது. தொழிலுக்கு ஒரு தெரு, சாதிக்கு ஒரு தெரு. நகரின் ஓரத்தில் வழக்கம்போல வேறு சில குடியிருப்புகள். வடிவியல் மாறியது; அண்டை வீட்டார் மாறவில்லை.

நாட்டுக்கோட்டை வீடு: ஒரு வெப்ப இயந்திரம்

இனி வீட்டுக்குள் நுழைவோம். இம்மாவட்டத்தின் தென்பகுதியில் ராயவரம், அரிமளம், கடியாபட்டி, ராமச்சந்திரபுரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, பனையப்பட்டி, குழிபிறை, மேலைச்சிவபுரி போன்ற ஊர்களுக்கு நீங்கள் சென்றதுண்டா? செட்டிநாடு என்றதும் காரைக்குடியையே நினைக்கிறோம். அது சிவகங்கை மாவட்டம். செட்டிநாட்டின் ஒரு பெரும் பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை நாடுகளில் ஈட்டிய செல்வத்தால், ஏறத்தாழ 1850 முதல் 1940 வரை இங்கே மாளிகைகள் எழுந்தன. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்தச் செல்வத்தின் ஊற்று அடைபட்டது. கட்டுமானமும் ஏறக்குறைய நின்றுபோயிற்று. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன.

இவ்வீடுகளின் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் புகழாதவர் இல்லை. என் போன்றவருக்கு வியப்பளிப்பது அவற்றின் வெப்ப ஏற்பாடு. வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். நடுவிலுள்ள வளவு வானத்தை நோக்கித் திறந்திருக்கும்.

இரவில் என்ன நடக்கிறது? தெளிந்த வானத்தை நோக்கி வளவின் தளமும் ஓடுகளும் வெப்பக் கதிர்களை வீசிக் குளிர்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. அது வளவில் இறங்கி அறைகளுக்குள் பரவுகிறது. பகலில் வெயில் ஏறியதும், வளவின் மேல்பகுதிக் காற்று சூடேறி எழுகிறது. அதன் இடத்தை நிரப்ப, நிழலான தாழ்வாரங்கள் வழியே காற்று நகர்கிறது. மின்விசிறி இல்லாமல் ஒரு மெல்லிய சுழற்சி. மழைக்காலத்தில் நாற்புறச் சாய்கூரை நீரும் வளவிலேயே விழும். அதை அண்டாக்களில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. இவர்கள் அதற்கு நூறு ஆண்டு முன்னவர்கள்.

சுவரைப் பாருங்கள். செங்கலும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கத்தில் ஏறும் பகல் வெப்பம், அலைபோல மெதுவாக உள்ளே நகர்கிறது. போகப் போக அலையின் உயரம் குறைகிறது. வெப்பக் கடத்தல் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், இத்தகைய சுவரைக் கடக்க அந்த அலைக்கு ஏறத்தாழ 14, 15 மணி நேரம் பிடிக்கும். உயரமோ ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பிற்பகல் இரண்டு மணி வெயில் உள்ளே வந்து சேரும்போது விடியற்காலை ஆகிவிடுகிறது. அதற்குள் அது வெயிலாகவும் இல்லை!

ஆனால் வாசகர்களே, இந்த வீட்டின் வரைபடம் காற்றோட்டத்தை மட்டும் சொல்லவில்லை. யார் எதுவரை வரலாம் என்பதையும் சொல்கிறது. வழிப்போக்கருக்குத் திண்ணை. கணக்குப்பிள்ளைக்கும் வியாபாரத்துக்கும் பட்டாலை. உறவினருக்கு வளவு. பெண்களின் புழக்கம் உட்கட்டுகளில். வேலை செய்வோர் பின்வாசல் வழியே. திண்ணையிலும் ஏறாமல் தெருவிலேயே நிற்க வேண்டியவர்களும் இருந்தார்கள். இது இந்த ஒரு சமூகத்தின் வழக்கமன்று. தமிழ்நாட்டின் பழைய வீடுகள் பலவற்றிலும் வாசற்படி, திண்ணை, நடை, கூடம் என்ற வரிசை மனிதர்களைத் தரம் பிரிக்கும் வரிசையாகவும் இருந்தது. தெருக்களில் போட்ட கோடு வீட்டுக்குள்ளும் தொடர்ந்தது. பழைய வீட்டைப் போற்றும்போது இதையும் மறக்கக் கூடாது.

கான்கிரீட் தளம் வந்தது

1867இல் பிரான்சு நாட்டுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, கம்பி வலையில் சிமெண்டு பூசிச் செய்த பூந்தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். 1892இல் ஹென்னபிக் என்பவர், தூண், உத்திரம், தளம் எல்லாவற்றையும் ஒன்றாக வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பூந்தொட்டியில் தொடங்கிய அந்த முறைதான் இன்று நம் தலைக்கு மேல் இருக்கிறது. தேக்கு விலை ஏறியது. சுண்ணாம்பு அரைக்க ஆள் கிடைக்கவில்லை. ஓடு மாற்றும் தொழிலாளர் குறைந்தனர். கான்கிரீட் தளமோ விரைவில் முடிந்தது, ஒழுகவில்லை, மேலே இன்னொரு மாடி கட்டவும் இடம் கொடுத்தது. ஏழைக்கும் அது ஒரு கனவானது. கூரை வீட்டில் தீயையும் ஒழுக்கையும் கண்டு அஞ்சி வாழ்ந்த குடும்பத்துக்குத் தளம் போட்ட வீடு என்பது வெறும் கட்டடமன்று, மானம்.

ஆகவே தளத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. அதன் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தை வெப்ப அலை ஏறத்தாழ மூன்றேகால் மணி நேரத்தில் கடந்துவிடும். உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அப்படியே உள்ளே வரும். அதாவது, பிற்பகல் இரண்டு மணி வெப்பம் மாலை ஐந்து மணிக்கு மேல் நம் தலைக்கு மேல் வந்து சேர்கிறது. வெளியே காற்று குளிரத் தொடங்கும் நேரத்தில், தளத்தின் அடிப்பக்கம் நம்மீது வெப்பக் கதிர்களை வீசுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுழற்றுகிறது. "பகலைவிட ராத்திரிதான் தாங்க முடியலை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது புலம்பலன்று. அளந்து சொல்லக்கூடிய உண்மை.

இப்போது தரகரின் முதற் செய்திக்கு வருவோம். புதுக்கோட்டை ஏறத்தாழ 10 பாகை 23 கலை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 17ஆம் தேதி வாக்கிலும் ஆகஸ்டு 26ஆம் தேதி வாக்கிலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. இவ்விரு நாட்களுக்கும் இடையில், கத்தரி வெயில் உட்பட, நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது! அந்த மாதங்களில் தெற்குச் சுவரில் நண்பகல் வெயில் படுவதே இல்லை. கடுமையாகச் சுடுவது கூரையும், கிழக்கு மேற்குச் சுவர்களும்தான். தெற்குப் பார்த்த மனையின் முகப்பு கோடையில் நிழலானது. குளிர்காலத்தில் இளவெயில் பெறுவது. அதை மலிவு விலைக்குத் தருகிறார் என்றால் தரகருக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வருமானம் போட்ட கோடு

சுதந்திரத்துக்குப் பின் புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரியில் தனி மாவட்டமாயிற்று. அலுவலகங்கள் பெருகின, அலுவலர்கள் வந்தனர். ராஜகோபாலபுரம், காமராஜபுரம், பெரியார் நகர் போன்ற புறநகர்ப் பகுதிகள் வளர்ந்தன. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1 லட்சத்து 17 ஆயிரம் பேர் வாழ்ந்த நகரம், 2024இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது.

இந்த வளர்ச்சியில் ஒரு புதுமை நேர்ந்தது. 1961இல் அமைந்த தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியது. பெயர் எழுதிய சீட்டுக்குச் சாதி தெரியாது. முன்பின் அறியாத குடும்பங்கள் பொதுச் சுவரின் இருபுறமும் குடியேறின. ஒரு வீட்டுப் பொங்கலும் மறு வீட்டு நோன்புக் கஞ்சியும் சுவர் தாண்டிப் போன கதைகளை அத்தகைய குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் வாரியமும் ஒரு கோடு போட்டது: குறைந்த வருவாய்ப் பிரிவு, நடுத்தர வருவாய்ப் பிரிவு, உயர் வருவாய்ப் பிரிவு. சாதிக் கோடு மங்கிய இடத்தில் சம்பளக் கோடு தெளிவாயிற்று. எனினும் சம்பளம் மாறக்கூடியது என்பதையும் சொல்ல வேண்டும்.

புளியங்கொட்டையும் சோழியும்

'யாரையும் யாரும் தடுக்காவிட்டால், காலப்போக்கில் எல்லோரும் கலந்து வாழ்ந்துவிடுவார்கள் அல்லவா?' என்று நீங்கள் கேட்கலாம். பாலில் நீரைச் சேர்த்தால் தானே கலக்கிறது, மக்களும் அப்படித்தானே?

இல்லை என்று காட்டினார் தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1971இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியை நீங்களும் வீட்டுத் திண்ணையில் செய்து பார்க்கலாம். சதுரங்கப் பலகை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 64 கட்டங்களில் ஏறத்தாழ 24 புளியங்கொட்டைகளையும் 24 சோழிகளையும் தாறுமாறாக வையுங்கள். மீதிக் கட்டங்கள் காலி மனைகள். விதி ஒன்றே ஒன்று: தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இருப்போரில் மூன்றில் ஒரு பங்கினராவது தன் இனமாக இருந்தால் போதும், அந்தக் காய் திருப்தியாக இருக்கும். அதற்கும் குறைந்தால், தன் விருப்பம் நிறைவேறும் அருகிலுள்ள காலிக் கட்டத்துக்குக் குடிபெயரும்.

இந்த விதியைக் கவனியுங்கள். இங்கே எந்தக் காயும் மற்ற இனத்தை வெறுக்கவில்லை. அண்டை வீட்டாரில் மூன்றில் இரண்டு பங்கு வேற்றினத்தாராக இருந்தாலும் அதற்குச் சம்மதமே. ஆயினும் காய்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போங்கள். ஒரு காய் இடம் மாறினால், அது விட்டுச் சென்ற இடத்தில் தன்னினம் ஒன்று குறைகிறது, உடனே அங்கிருந்த மற்றொன்று அதிருப்தியடைகிறது, அதுவும் கிளம்புகிறது. சிறிது நேரத்தில் பலகையில் புளியங்கொட்டைத் தெருவும் சோழித் தெருவும் தனித்தனியாகத் திரண்டு நிற்பதைக் காண்பீர்கள். எந்தக் காயும் விரும்பாத அளவுக்குப் பிரிவினை! காந்தப் பொருளில் அணுக்கள் பக்கத்து அணுவைப் பார்த்துத் திசை திரும்பித் திரும்பிப் பெரும் திரள்களாவதைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 2005இல் ஷெல்லிங்குக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். நம் ஊரும் சேரியும் இந்த மென்மையான விதியால் பிரிந்தவை அல்ல. அங்கே ஒரு தரப்புக்கு நகரும் உரிமையே இல்லை. பலகையின் ஓரத்தில் அவர்களை ஆணியடித்து வைத்திருந்தார்கள். ஷெல்லிங்கின் பாடம் பழைய ஊருக்குப் பொருந்துவதைவிடப் புதிய நகருக்கே பொருந்தும். பழைய கட்டாயம் போன பின்பும், 'நாலு பேர் நம்மவராக இருந்தால் நல்லது' என்ற சிறு விருப்பமே தெருக்களைப் பிரித்துவிடும். தரகர் ஒருவர் அந்த விருப்பத்தை முன்கூட்டியே ஊகித்துக் கேள்வி கேட்டால், வேலை இன்னும் விரைவில் முடியும்.

இரண்டு முயற்சிகள்

கலப்பு தானாக வராது என்றால், வரவழைக்க முடியுமா? உலகில் இதற்கு நேர்ந்த முயற்சிகளில் இரண்டு நம்மோடு தொடர்புடையவை.

முதலாவது சிங்கப்பூர். நம் மாவட்டத்தில் அங்கே உறவினர் இல்லாத கிராமம் குறைவு. அந்நாட்டு மக்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர், 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். ஒரு சில பேட்டைகளில் ஒரே இனத்தார் திரளத் தொடங்கியதைக் கண்ட அரசு, 1989இல் ஓர் விதி செய்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் பேட்டையிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியரும் பிறரும் இன்ன விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. முதல் ஒதுக்கீட்டுக்கு மட்டுமன்று, பின்னால் நடக்கும் ஒவ்வொரு மறுவிற்பனைக்கும் இது பொருந்தும். இதில் குறையும் உண்டு. சீனர் வரம்பு எட்டிய கட்டடத்தில் ஓர் இந்தியக் குடும்பம் வீட்டை விற்க வேண்டுமானால், சீனர் ஒருவருக்கு விற்க முடியாமற்போவதும், வாங்குவோர் குறைந்து விலை இறங்குவதும் நேர்கிறது. கலப்பின் செலவைச் சிறுபான்மையினரே அதிகம் சுமக்கிறார்கள் என்ற முறையீடு அங்கே உண்டு.

இரண்டாவது நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. பெரியார் நினைவுச் சமத்துவபுரத் திட்டம். முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்டு 17 அன்று, முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதியால் திறக்கப்பட்டது. ஒரு சமத்துவபுரத்தில் 100 வீடுகள். அவற்றில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவருக்கு. ஒரே பிரிவினர் ஒரே வரிசையில் அமையாதபடி வீடுகளைக் கலந்து ஒதுக்கினார்கள். வீடுகள் ஒரே அளவு, ஒரே அமைப்பு. வீட்டைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. நுழைவாயிலில் பெரியார் சிலை. தண்ணீர்த் தொட்டி ஒன்று, சமுதாயக் கூடம் ஒன்று, சுடுகாடும் ஒன்று. செத்த பின்பும் தனிப் பாதை கேட்கும் நாட்டில் அந்தக் கடைசி ஏற்பாடு சிறியதன்று. மாநிலத்தில் மொத்தம் 238 சமத்துவபுரங்கள் எழுந்தன. புதுக்கோட்டை மாவட்டத்திலும் உண்டு.

இத்திட்டத்தின் பலவீனத்தை ஷெல்லிங்கின் பலகையே காட்டிவிடும். காய்களை முதலில் கலந்து வைத்தார்கள். ஆனால் அடுத்தடுத்த நகர்வுகளுக்கு விதி இல்லை. சில இடங்களில் வீடுகள் கைமாறின, சில பூட்டிக் கிடந்தன. ஆண்டுகள் கடந்ததும் பல வீடுகள் பழுதாயின. 2021இல் அரசு பழுது பார்க்கும் பணியை அறிவிக்க நேர்ந்தது. ஊரைவிட்டுத் தள்ளி அமைந்த இடங்களில் வேலையும் பேருந்தும் தொலைவாயின. இந்தக் குறைகள் உண்மை. ஆயினும் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தார்கள் என்பதும் உண்மை.

ஒரு தண்ணீர்த் தொட்டி

இது பழங்கதைதானே என்று எண்ணுவோருக்கு ஒரு நிகழ்ச்சி. 2022 டிசம்பர் இறுதியில், நம் மாவட்டத்து வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு நீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்றுச் சிகிச்சைக்குச் சென்ற பிறகே அது புலப்பட்டது. விசாரணைக்கு வந்த அதிகாரிகள், அப்பகுதிக் கோயிலில் அம்மக்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டதையும் தேநீர்க் கடையில் தனிக் குவளை இருந்ததையும் அறிந்து நடவடிக்கை எடுத்தனர். குற்றம் செய்தவர் யார் என்பது குறித்த வழக்கும் வாதமும் நெடுநாள் நீண்டன. அதற்குள் நான் புகவில்லை. நான் கேட்பது ஒரு பொறியியல் கேள்வி. ஓர் ஊருக்கு ஏன் ஆளுக்கொரு தொட்டி வேண்டும்? எல்லோரும் குடிக்கும் தொட்டியை எல்லோரும் காவல் காப்பார்கள். தெருக்கள் தனித்தனியாக இருப்பதால் குழாய்கள் தனித்தனி. குழாய்கள் தனித்தனி ஆவதால் அக்கறையும் தனித்தனி. முன்னர் நினைவில் வைக்கச் சொன்னேனே, கோடு போடுபவர் தண்ணீரையும் பிரிக்கிறார் என்று. அது 11ஆம் நூற்றாண்டோடு முடியவில்லை.

நாம் செய்யக்கூடியது

புது மனைப் பிரிவுகளின் விதிகள் முன்பைவிட இறுகியிருக்கின்றன. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. பின்னர் 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. பெரிய மனைப் பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளிக்கு விட வேண்டும். சாலை அகலம், வடிகால் என்று பலவும் சரிபார்க்கப்படுகின்றன. ஆனால் 'நம்ம ஆளுங்கதானே?' என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. அது வாய்மொழியாகவே வாழ்கிறது. ஆகையால் அதற்கான விடையும் நம் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

வீட்டுக் கேள்விக்கு விடை எளிது. வீடு கட்டுவோர் பழைய மாளிகையை அப்படியே பெயர்த்து வர இயலாது. ஆனால் அதன் பாடங்களைச் சிறு மனையிலும் கையாளலாம். தளத்தின் மேல் சுண்ணாம்புக் காரையும் தட்டோடும் பதியுங்கள். ஆண்டுதோறும் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். கிழக்கு, மேற்குச் சுவர்களில் சன்னலைக் குறைத்து, வெளியே வேம்பு, புங்கு போன்ற மரங்களை வளருங்கள். காற்று நுழைய ஒரு வழியும், சூடான காற்று மேலே வெளியேற ஒரு வழியும் வையுங்கள். மாணவர்கள் இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொண்டு, சுண்ணாம்பு அடித்த தளத்தின் கீழும் அடிக்காத தளத்தின் கீழும் ஒரு நாள் முழுவதும் மணிக்கொரு முறை அளந்து வரைபடம் வரைந்து பாருங்கள். வெப்ப அலை எத்தனை மணி நேரம் பிந்தி வருகிறது என்பதை உங்கள் கையாலேயே கண்டறியலாம்.

இன்னொன்றும் செய்யலாம். வீட்டின் முன்புறம் இரண்டடி அகலத்துக்கு ஒரு திண்ணை விடுங்கள். ஆனால் இம்முறை, 'இதற்கு மேல் வராதே' என்று நிறுத்துவதற்காக அல்ல. வெயிலில் வருபவர் எவராயினும் உட்காருவதற்காக.

அந்தத் தரகரிடம் நான் மறுபடியும் போனேன். அதே கேள்வியை அவர் மறக்காமல் கேட்டார். "அதைச் சொல்ல மாட்டேன். சொல்லாதவனுக்கும் மனை உண்டா?" என்றேன். சற்று நேரம் என்னைப் பார்த்தார். "தெற்குப் பார்த்தது ஒண்ணு இருக்கு சார், அதை யாரும் கேக்கிறதில்லை" என்றார். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பக்கத்து மனை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே யார் வரப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை.